எதிராள்

முசரவாக்கத்திலிருந்து ஊருக்குள் வரும் சாலையில், ஏரிக்கரையை ஒட்டிப் புதிதாய்ப் போட்ட நடைபாதை காலியாகக் கிடந்தது. சபாபதிக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

காஞ்சிபுரத்தில் ஒரு நடைபாதை காலியாகக் கிடக்குமா? பூசின சிமெண்டு காய்வதற்குள் ஒரு இட்லி வண்டி ஏறி நின்றுவிடும். பூக்காரம்மா சாக்கு விரிப்பாள். எவனாவது பைக்கைக் கொண்டுவந்து பூட்டிவிட்டுப் போவான். ஒன்றுமே இல்லையென்றாலும் நாலு நாய் சுருண்டு படுத்திருக்கும். இங்கே மழைநீர்க் கால்வாயை மூடிப் பெரிய பெரிய சிலாப்புக் கல்லாய் அடுக்கி, ஓரத்தில் மஞ்சளும் கறுப்புமாய் வண்ணம் அடித்து, விளக்குக் கம்பமும் நட்டு, சாமி ஊர்வலம் போகிற அகலத்துக்கு நீட்டிவிட்டிருந்தார்கள். அதன்மேல் ஒரு நாய்கூட இல்லை. மாடுகள்கூட ஒரு சாண் தள்ளி, தார்ச்சாலையில் படுத்துத்தான் அசைபோட்டன.

ஓடுகிற பிள்ளைகளும் சாலையில்தான் ஓடினார்கள்.

சபாபதி கம்பெனி வேன் ஓட்டுகிறவன். இருட்டோடு கிளம்பி, கிராமம் கிராமமாய் ஆள் ஏற்றிக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூரில் முதல் ஷிப்டுக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும். ஏரிக்கரை வளைவு திரும்பினதும் விளக்கு வெளிச்சத்தில் முதலில் தெரிவது அவர்களுடைய முதுகுகள். போலீஸ் தேர்வுக்கும் ராணுவத்துக்கும் தயாராகிற பசங்களும் பெண்பிள்ளைகளுமாய் ஒரு கூட்டம். ஏரிப் பனி அவர்கள் முழங்கால் வரைக்கும் பால் காய்ச்சின ஆவி மாதிரி சுற்றிக்கொண்டிருக்க, கான்வாஸ் ஷூ தாரில் தப்தப்பென்று விழ, சாலைக்கு நடுவே ஓடிக்கொண்டிருப்பார்கள். ஹாரன் அடித்தால் ஒதுங்குவார்கள். ஆனால் நடைபாதைப் பக்கம் ஒதுங்க மாட்டார்கள். வலப்பக்கம், எதிரே லாரி வருகிற பக்கம் ஒதுங்குவார்கள்.

ஒருநாள் அப்படி ஒதுங்கினதில் ஒரு பையன் மணல் லாரிக்குத் தப்பியது பெரிய விஷயம். சபாபதி பிரேக்கை மிதித்த மிதியில் வேனுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் முன்சீட்டில் முட்டிக்கொண்டு அவனைத் திட்டினார்கள். அவன் இறங்கிப் போய், கூட்டத்துக்கு முன்னால் ஓடுகிற சத்யராஜைப் பிடித்துக்கொண்டான். சத்யராஜ் இரண்டு முறை தேர்வுக்குப் போய் மயிரிழையில் கோட்டை விட்டவன். மற்றவர்களுக்கு அவன்தான் வாத்தியார். கவர்மெண்டு இவ்வளவு அழகாய்ப் பாதை போட்டிருக்க, நடுரோட்டில் வந்து சாவானேன் என்று சபாபதி கேட்டான்.

சத்யராஜ் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். நடைபாதையைப் பார்க்கவில்லை.

"அது வாணாம்ணா. கல்லு ஆடுது."

"ஆடுற கல்லா அது? ஒவ்வொண்ணும் யானை கனம் இருக்குது."

"நீங்க மேல ஏறி ஓடிப் பாத்துட்டு வந்து சொல்லுங்கண்ணா. லாரி வந்தா கண்ணுக்குத் தெரியும், ஒதுங்கிக்கலாம்" என்றான் சத்யராஜ். பின்னால் நின்ற பெண் ஒருத்தி சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை.

அவர்கள் போனபிறகு சபாபதி ஒரு நிமிஷம் நடைபாதை ஓரத்தில் நின்றான். சாக்கடை வாடை இல்லை. பல வருஷம் மூடிக் கிடந்த கிணற்றின் பலகையை நகர்த்தினால் முகத்தில் வந்து அடிக்குமே, அந்த மாதிரி ஒரு குளிர்ந்த, பழைய வாடை. சிலாப்புக்கும் சிலாப்புக்கும் நடுவே விட்டிருந்த சந்திலிருந்து அது வந்துகொண்டிருந்தது. விட்டு விட்டு. மூச்சு விடுகிற மாதிரி.

வேனிலிருந்து ஆள் கூப்பிட்டார்கள். போய் ஏறிக்கொண்டான்.

அவனுக்கு ஒரே பெண். பேர் அபிநயா. பட்டப்படிப்பு முடித்துவிட்டு, அம்மா காவேரியோடு சேர்ந்து வீட்டில் உட்கார்ந்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவள், போலீஸ் தேர்வில் எழுத்துப் பரீட்சை பாஸ் ஆகிவிட்டாள். இனி ஓட்டம்தான். நானூறு மீட்டரைக் குறித்த நேரத்துக்குள் ஓடிவிட்டால் வேலை கையில். ஓடாவிட்டால் மறுபடி தையல் மிஷின். அதற்கப்புறம் அடுத்த அறிவிப்பு எப்போது வரும், வயசு அதற்குள் தாண்டிவிடுமா என்பது யாருக்குத் தெரியும். சத்யராஜ் கூட்டத்தோடு சேர்ந்து ஓடப்போகிறேன் என்று அவள் சொன்னபோது சபாபதிக்கு அந்த மணல் லாரிதான் கண்ணில் வந்தது.

அவனுக்கு டிரைவர்களைத் தெரியும். விடிகாலையில் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற பாதிப் பேர் பாதித் தூக்கத்தில்தான் ஓட்டுகிறார்கள். அவனே எத்தனை முறை கண்ணைத் திறந்துகொண்டு தூங்கியிருக்கிறான். ஆகவே கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டான். ஓடு. ஆனால் நடைபாதை மேல ஓடு. ரோட்டுல கால் வெச்சேன்னு கேள்விப்பட்டேன், அன்னியோட ஓட்டம் நின்னுது.

"யாருமே அதுல ஓட மாட்டாங்கப்பா. நான் மட்டும் மேடையில ஆடுறவ மாதிரி தனியா ஓடணுமா?" என்றாள் அபி.

"ஆடு. யாரு வாணான்னா? உசுரோட ஆடு."

காவேரி அடுப்படியிலிருந்து சிரித்தாள். அப்பனும் பொண்ணும் வாயாலேயே நாலு கிலோமீட்டர் ஓடுவீங்க என்றாள்.

அபி சொன்ன சொல் கேட்கிற பெண். மறுநாள் ஏரிக்கரை வளைவில் சபாபதி வேனைத் திருப்பினபோது சாலையில் கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நடைபாதையில் ஒரே ஒரு உருவம். மஞ்சள் சட்டை. அபி. கம்பத்து விளக்குகள் ஒவ்வொன்றாய் அவளைக் கையில் வாங்கி அடுத்ததிடம் கொடுத்தன. அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. ஹாரனை லேசாய் ஒரு தட்டு தட்டிவிட்டுத் தாண்டினான். கூட்டம் மட்டும் அன்றைக்கு வழக்கத்தைவிட இன்னும் வலது ஓரமாய்ப் போய், மண்ணில் இறங்கி ஓடிக்கொண்டிருந்ததை அவன் கவனித்தான். கவனித்து, மறந்தும் போனான்.

இரண்டு மூன்று நாள் கழித்துச் சாப்பிடும்போது அபி சொன்னாள். கல்லுக்குக் கீழே சத்தம் வருது. நான் ஒரு கால் வெச்சா கீழேருந்து ஒரு கால் வெக்கிற மாதிரி. நான் நின்னா கொஞ்சம் கழிச்சு அதுவும் நிக்குது.

எதிரொலிடி, என்றான் சபாபதி. உள்ளே காலியாக் கிடக்குது, மேலே மிதிச்சா கீழே கேக்கத்தான் செய்யும்.

"தெரியுதுப்பா. ஆனா அது என் காலோட சேந்து விழுல. கொஞ்சம் முன்ன பின்ன விழுது. அதைக் கேக்கக் கேக்க எனக்குக் கால் பின்னுது. மூச்சு மாறிப்போவுது. இப்படியே போனா டைம் வராது."

சபாபதி வேன் ஓட்ட வருவதற்கு முன்னால் பாவு வேலைக்குப் போனவன். தோள்பட்டை எலும்பு தேய்ந்தபிறகுதான் விட்டான். விடிகாலையில் பட்டு நூலைத் தெருவின் நீளத்துக்கு நீட்டிக் கட்டி, இரண்டு பக்கமும் ஆள் நின்று, கஞ்சி தடவிக்கொண்டே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக வேண்டும். எதிர்ப்பக்கம் நிற்கிறவனுக்கு எதிராள் என்று பேர். இவன் ஒரு அடி வைத்தால் அவனும் ஒரு அடி. ஒருத்தன் முந்தினாலும் நூல் ஒரு பக்கமாய் இழுத்துக்கொள்ளும். புதிதாய் வருகிறவன் தன் காலையே பார்த்துக்கொண்டு தடுமாறுவான். அவனுக்கு எல்லாரும் சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்றுதான். அதை அவன் பெண்ணுக்குச் சொன்னான். சோற்றைப் பிசைந்துகொண்டே, ரொம்பச் சாதாரணமாய்.

"உன் கால மறந்துடு. அதும் காலக் கேளு. அது எப்ப விழுதோ அப்ப உன் காலப் போடு. ஒத்துப்போச்சுன்னா அப்புறம் அலுப்பே தெரியாது. நீ ஓட வாணாம், அதே உன்ன இழுத்துக்கினு போவும்."

அபி தலையை ஆட்டினாள்.

அதற்கப்புறம் அவள் ஓட்டம் மாறிப்போனது. முதல் வாரமே நேரம் குறைந்தது. அடுத்த வாரம் சாலையில் ஓடுகிற பெண்பிள்ளைகளை எல்லாம் தாண்டினாள். பிறகு பையன்களை. சபாபதி வேனில் வரும்போது சில நாள் அவளைத் தாண்டவே கொஞ்சம் நேரம் பிடித்தது. வேனில் இருந்தவர்கள் எல்லாம் அண்ணே உன் பொண்ணு எஸ்.ஐ. ஆயிடும்ணே என்று சொன்னார்கள். அவன் வாய் கொள்ளாமல் சிரித்தான். தெருவில் கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லாரிடமும், நான்தான் கால் போடச் சொல்லிக்கொடுத்தேன் என்றான்.

காவேரிதான் முதலில் சொன்னாள். பொண்ணுக்கு வேர்க்கறதே இல்லங்க என்றாள். அவ்வளவு தூரம் ஓடிவிட்டு வருகிறவளின் சட்டை காய்ந்து கிடக்கிறது, ஆனால் பாதம் மட்டும் நாளெல்லாம் தண்ணீரில் நின்ற பாதம் மாதிரி வெளுத்து, ஊறி, தோல் சுருங்கிப்போயிருக்கிறது, தொட்டால் ஐஸ். வெந்நீர் வைத்து ஊற்றினாலும் சூடு ஏற மாட்டேன் என்கிறது. சபாபதி பனிக்காலம்தானே என்றான். சொல்லும்போதே மாசி பிறந்து வெயில் ஏறிவிட்டது அவனுக்கு ஞாபகம் வந்தது.

ஒரு சாயங்காலம் மூவரும் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்கள். அபி கட்டிலில் உட்கார்ந்து தேங்காய்ப் பத்தையைக் கடித்துக்கொண்டிருந்தாள். விளம்பரம் போட்டதும் காவேரி சத்தத்தைக் குறைத்தாள். அப்போதுதான் சபாபதிக்கு அது கேட்டது. மிக மெல்ல. தட். தட். தட். தட். பக்கத்து வீட்டில் எவனோ நெய்கிறான் என்று நினைத்தான். பக்கத்து வீட்டில் தறியை எடுத்து எத்தனையோ நாளாகிறது. அவன் குனிந்து பார்த்தான். கட்டிலிலிருந்து தொங்கிய அபியின் கால்கள் அசைந்துகொண்டிருந்தன. வலது, இடது, வலது, இடது. அவள் கண் டி.வி.யில் இருந்தது. கால்கள் தரையைத் தொடவில்லை.

தொடவில்லை. ஒரு சாண் மேலே.

சத்தம் தரையிலிருந்துதான் வந்தது.

"அபி" என்றான்.

அவள் திரும்பினாள். அவன் பார்க்கிற இடத்தை அவளும் பார்த்தாள். இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து அமுக்கினாள். அது ஒன்றும் புதிதில்லை என்கிற மாதிரி, பழக்கப்பட்ட கையோடு அமுக்கினாள். டைல்ஸுக்கு அடியில் இன்னும் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு அது நின்றபோதுதான் கால்களும் நின்றன.

மறுநாள் சபாபதி வேறொரு டிரைவரிடம் வேனைக் கொடுத்துவிட்டு, ஏரிக்கரை வளைவில் ஒரு புளியமரத்துக்குப் பின்னால் நின்றான். கிழக்கே சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று விட்டிருந்தது. ஏரியில் தவளை கத்திக்கொண்டிருந்தது. தூரத்தில் எங்கோ கோயிலில் பாட்டு வைத்தார்கள். சாலையில் கூட்டம் வந்தது, தப்தப்பென்று, மூச்சும் பேச்சுமாய். வளைவுக்கு வந்ததும் பேச்சு நின்றது. ஒருவர் பின் ஒருவராய் வலது ஓரத்து மண்ணில் இறங்கித் தலையைக் குனிந்துகொண்டு ஓடித் தாண்டினார்கள். அவர்கள் தாண்டினபிறகு தவளைகள் நின்றுபோயின.

பிறகு நடைபாதையில் ஒரு சத்தம் வந்தது. கல்லுக்கு அடியிலிருந்து. கனமாய், ஒரே சீராய், வெறுங்கால் சத்தம். அது ஒவ்வொரு சிலாப்பாய்த் தாண்டி அவனை நோக்கி வந்தது. அதற்குப் பின்னால், மங்கலில், மஞ்சள் சட்டை.

அபி வந்தாள். கண் திறந்திருந்தது. கை இரண்டும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. ஓடுகிறவள் கை அப்படித் தொங்காது. இடுப்புக்கு மேலே தூங்குகிற பெண், இடுப்புக்குக் கீழே குதிரை. சபாபதி அவள் காலையே பார்த்தான். பாவு ஆளுக்குத் தெரியாத விஷயமா அது. இரண்டு பேர் கால் ஒத்துப்போகும்போது ஒருத்தன் முன்காலாய் இருப்பான், மற்றவன் அவன் காலுக்கு ஒத்துத் தன் காலைப் போடுவான். கண்ணால் பிடிக்க முடியாத ஒரு இழைதான் வித்தியாசம்.

கீழே சத்தம் விழுந்தது. பிறகு அபியின் கால் விழுந்தது.

கீழே. பிறகு அபி.

அவள் கால் விழும்போது சத்தமே இல்லை.

அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே பக்கத்தில் ஓடினான். அவள் திரும்பவில்லை. கையைப் பிடித்தான். அவள் நிற்கவில்லை, அவன்தான் இழுபட்டு விழுந்தான். சிலாப்பு வரிசை முடிந்து மண் தொடங்குகிற இடத்தில் அவள் தானாக நின்றாள். நின்று, அவனைப் பார்த்து, அழத் தொடங்கினாள்.

"நிறுத்த முடியலப்பா. அது நின்னாத்தான் நிக்க முடியுது. நீதானே ஒத்துப் போடச் சொன்ன."

ஏன் முன்னமே சொல்லலை என்று கேட்டான். செலக்‌ஷன் வரைக்கும்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததாய்ச் சொன்னாள். டைம் நன்றாக வந்துகொண்டிருந்தது இல்லையா.

திரும்பி வந்த சத்யராஜைச் சபாபதி சட்டையைப் பிடித்து நிறுத்தினான். சத்யராஜ் கையைத் தட்டிவிடவில்லை. நடைபாதை போட்ட புதிதில் நாங்களும் அதில்தான் ஓடினோம் என்று மெல்லச் சொன்னான். எல்லாருக்குமே கேட்டது. நாலாம் நாளே இறங்கிவிட்டோம். சொன்னால் யார் நம்புவார்கள், எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள், அதனால் கல் ஆடுகிறது என்று சொல்லி வைத்தோம். ஆனால் கேட்டதோடு சரி, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"பயத்துல நாங்க கால மாத்தி மாத்திப் போட்டுக்கினே எறங்கிட்டோம்ணா. அதோட ஒத்துப் போடணும்னு யாருக்காவது தோணுமா? அந்தப் பொண்ணுக்கு எப்படித் தோணுச்சுன்னுதான் தெரில."

சபாபதி அவன் சட்டையை விட்டான்.

அன்றோடு ஓட்டத்தை நிறுத்தினார்கள். காவேரி மாகறல் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் விபூதி வாங்கிக் காலில் பூசினாள். வீட்டில் தரையில் கால் படாமல் அபியைக் கட்டிலிலேயே வைத்திருந்தார்கள். ஒருநாள், இரண்டு நாள். தரை சும்மா இருந்தது. பாதத்தில் கொஞ்சம் சிவப்பு ஏறியது. நாலாம் நாள் வேர்த்தது, காவேரி அந்த வேர்வையைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சபாபதி ராத்திரி எல்லாம் காதைத் தரையில் வைத்துப் படுத்திருந்து, அப்படியே டூட்டிக்குப் போனான். ஒன்றும் கேட்கவில்லை. அந்த நடைபாதையில் ஓடுகிற வரைக்கும்தான், இறங்கிவிட்டால் விட்டுவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

செலக்‌ஷனுக்குப் போவதா வேண்டாமா என்று அவன்தான் குழம்பினான். அபி குழம்பவில்லை. அங்கே மண் தரைப்பா, சிலாப்பும் இல்லை, கால்வாயும் இல்லை, ஒரே ஒரு சுற்றுதானே என்றாள். இவ்வளவு பட்டதுக்கு அப்புறம் விடச் சொல்லாதே என்றாள். அவளுடைய முகத்தைப் பார்த்தபிறகு அவனால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

மைதானத்தில் பளிச்சென்று வெயில் அடித்தது. செம்மண்ணைத் தண்ணீர் தெளித்து உருட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். பெற்றவர்கள் எல்லாம் கம்பி வேலிக்கு வெளியே, ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டிலும் குளுக்கோஸ் பாக்கெட்டுமாய். யாரோ ஒரு அம்மா காமாட்சி காமாட்சி என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சபாபதி கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அபி நம்பர் ஒட்டின பனியனோடு கோட்டில் வந்து நின்றாள். அவனைத் தேடினாள். கண்டுபிடித்துச் சிரித்தாள். கை இரண்டையும் மடக்கி, ஓடுகிறவள் மாதிரி வைத்துக்கொண்டாள்.

விசில் ஊதினார்கள்.

அவள் கொஞ்சம் பின்தங்கித்தான் ஓடினாள். நன்றாய்ப் பின்தங்கினாள். கை வீசியது, வாய் திறந்து மூச்சு வாங்கியது, கால் செம்மண்ணில் தப்தப்பென்று விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவனுக்குக் கண் கலங்கியது. தோற்றாலும் பரவாயில்லை. இது அவள் ஓட்டம். அரைச் சுற்று. முக்கால் சுற்று. நேரம் போய்க்கொண்டிருந்தது. அவள் திணறினாள். பல்லைக் கடித்தாள். தலையைக் குனிந்தாள். தரையைப் பார்த்தாள்.

அவள் எதையோ காது கொடுத்துக் கேட்பது தெரிந்தது.

கைகள் தொங்கின.

அதற்கப்புறம் அவள் ஓடினதைப் பார்த்து வேலியில் நின்றவர்கள் எல்லாம் கைதட்டினார்கள். ஒவ்வொருத்தியாய்த் தாண்டிக் கோட்டைத் தொட்டாள். முதலாவதாய்.

நிற்கவில்லை.

விசில் ஊதினார்கள். அவள் அடுத்த சுற்றில் போய்க்கொண்டிருந்தாள். பொண்ணுக்கு என்ன ஆர்வம் பாரு என்று யாரோ சிரித்தார்கள். மறுபடி விசில். வேலிப் பக்கம் வந்தபோது அவள் முகம் அவனுக்குத் தெரிந்தது. வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. அப்பா.

சபாபதி வேலியைத் தாண்டிக் குதித்தான். கம்பி தொடையைக் கிழித்தது. ஒரு காவலர் அவனைப் பிடிக்க வந்தார். அதற்குள் பெண் போலீஸ்காரர்கள் நாலு பேர் குறுக்கே போய் அபியை மடக்கி, இடுப்போடு பிடித்து மேலே தூக்கிவிட்டார்கள். ஒரு ஆள் உயரத்துக்கு. அவள் கால்கள் காற்றில் ஓடின. வலது. இடது. வலது. வலிப்பு, வலிப்பு, சாவியைக் கொடு என்று யாரோ கத்தினார்கள். எல்லாரும் மேலே பார்த்தார்கள்.

அவன் மட்டும் கீழே பார்த்தான்.

அவளுடைய பாதையில், இரண்டு சுண்ணாம்புக் கோட்டுக்கு நடுவே, மண் புடைத்தது. உள்ளேயிருந்து. ஒரு பாதத்தின் அளவுக்கு, குதிகாலும் விரலும் தனித்தனியாய்த் தெரிய. அமுங்கியது. ஒரு எட்டு தள்ளி அடுத்தது. வலது. இடது. அவர்கள் நின்ற இடத்தைத் தாண்டி அது போய்க்கொண்டே இருந்தது. வளைவில் திரும்பியது. சுற்றி வந்தது. யாரும் பார்க்கவில்லை. மேலே அபியின் கால்கள், அதற்கு ஒரு இழை பின்னால்.

எதிராள் நின்றால் இவள் காலும் நிற்கும். அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அவன் ஓடிப்போய் இரண்டு கோட்டுக்கும் நடுவே நின்றான். செருப்பை உதறினான். அது வந்தது. பெரிய பாதம். மண் அவனுக்கு முன்னால் எழும்பி, அமுங்கி, எழும்பி.

அவன் இரண்டு காலையும் அதன்மேல் வைத்து மிதித்தான்.

நின்றது.

உள்ளங்காலோடு உள்ளங்கால். மெல்லிய மண் மட்டும் நடுவில். அந்தக் குளிர் கணுக்காலில் ஏறி, முழங்காலில் ஏறி, இடுப்பில் வந்து நின்றது. கீழே ஒவ்வொரு விரலும் நகர்ந்து, அவன் விரலைத் தேடிப் பிடித்து, நேராய் ஒட்டிக்கொண்டது.

அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். அபியின் கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. அசையாமல். தூங்குகிற குழந்தையின் கால் மாதிரி. போலீஸ்காரர்கள் அவளை மெல்ல இறக்கப் போனார்கள்.

இறக்காதீங்க என்று சொல்ல நினைத்தான்.

அசையக் கூடாது. இப்படியே. மரம் மாதிரி. எத்தனை நாளானாலும். மூச்சைப் பிடித்துக்கொண்டான். முழங்காலைப் பூட்டிக்கொண்டான். வெயில் அடித்தது. மைதானம் முழுக்க ஒரு சத்தமும் இல்லை.

அவன் இடது குதிகால் மண்ணை விட்டு எழும்பியது. அவன் எழுப்பவில்லை.

அங்கே, அந்த நாலு பேர் கைகளுக்கு நடுவே, அபியின் இடது குதிகாலும்.